புகாரும் புறநகரும்

புறநகரில் மனை வாங்குவோர் நம் பங்குகளில் பெருகி வருகின்றனர். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்தில் நிகழும் உரையாடலில் பாதி, "எத்தனை சென்ட்? தண்ணீர் உப்பா? பேருந்து உண்டா?" என்பதாகவே இருக்கிறது. இது இக்காலத்து மோகம் எனக் கருதுவோர் ஒருமுறை பூம்புகார் சென்று வருதல் நன்று.

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே வயல்களின் நடுவே சுமார் 24 கிலோமீட்டர் சென்றால் காவிரி கடலோடு கலக்கும் இடத்தை அடைகிறோம். குடகு மலையில் பிறந்த ஆறு, வழிநெடுக வாய்க்கால்களுக்கெல்லாம் வாரி வழங்கிவிட்டு, பெண்மக்கள் அனைவருக்கும் சீர் செய்து முடித்த தந்தையைப் போல் இங்கு மெலிந்து நிற்கிறது.

சிலப்பதிகாரம் காட்டும் புகார் இரு பகுதிகளை உடையது. கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். யவனர், நெசவாளர், கொல்லர், தச்சர், மீனும் உப்பும் விற்போர் அங்கு வாழ்ந்தனர். அதற்கு மேற்கே பட்டினப்பாக்கம். அரச வீதியும் பெருவணிகர் மாடங்களும் அங்கிருந்தன. இரண்டுக்கும் இடையே நாளங்காடி. வியர்வை ஒரு பாக்கம், விசிறி மறு பாக்கம். இருவரும் சந்திப்பது கடையில்! இன்று சென்னையைச் சுற்றிக் கோடம்பாக்கம், ஊரப்பாக்கம், கேளம்பாக்கம் எனப் பாக்கங்கள் மலிந்திருப்பதைக் கண்டு வியப்பானேன்?

தனிக்குடித்தனமும் புதிதன்று. மணமான கோவலனையும் கண்ணகியையும் தனி மனையில் குடியமர்த்தியவர் கோவலனின் தாயாரே. மாமியார்களைக் குறை கூறுவோர் இதனைக் கருத்திற் கொள்க. பின்னர்ப் புகாரை நீங்கி ஒரு காதம் நடப்பதற்குள் களைத்துப்போன கண்ணகி, மதுரை எங்குள்ளது என வினவினாள். முப்பது காதம் என வெளிப்படையாகக் கூற மனமின்றி, ஆறைந்து காதம் எனச் சொல்லிக் கோவலன் நகைத்தான். "பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம்" என விளம்பரம் செய்யும் மனை வணிகருக்கு இவனே முன்னோடி எனலாம்.

கடலும் இங்கு வீடு மாறியிருக்கிறது. 1960-களில் தொல்லியல் துறையினர் கீழையூரில் அகழ்ந்தபோது செங்கல்லால் அமைந்த பழைய படகுத்துறை வெளிப்பட்டது. படகுகள் நின்ற இடம் இன்று நிலமாயிருக்கிறது. 1973-இல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் காண்போர், இதனையும் நினைவிற் கொள்வது நலம்.

ஆயினும் நகைக்க இயலாத குடிபெயர்ச்சியும் இக்கரையில் நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை ஆழிப்பேரலை எழுந்தது. அன்று திருக்குடும்பத் திருவிழா. யோசேப்பு இரவோடிரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்கு ஓடிய பகுதியே அன்றைய நற்செய்தி வாசகம். அதே நாளில் நம் கடலோரக் குடும்பங்கள் குழந்தைகளை மார்போடணைத்து மேற்கு நோக்கி ஓடின. ஓட இயலாதோர் எத்தனை பேர்!

கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர்க்கு அப்பால் வீடு கட்டித்தர 2005-இல் அரசு திட்டம் வகுத்தது. சுவர் உறுதிதான், உயிருக்குக் காப்புதான். எனினும் வாசலில் நின்றே காற்றின் போக்கையும் நீரின் நிறத்தையும் கண்டு தொழிலுக்குப் புறப்பட்ட மீனவருக்கு, கடல் தெரியாத வீடு அடுப்பில்லாத சமையலறை போன்றது. வலையையும் இயந்திரத்தையும் சுமந்து நடக்கையில் சிறு தொலைவும் கண்ணகியின் காதமாகிவிடும். பழைய அண்டை வீட்டார் வேறு தெருவுக்குப் பிரிந்துவிட்டாலோ, நள்ளிரவில் யாரைக் கூப்பிடுவது?

விரும்பிப் புறநகர் செல்லும் நமக்கும் இக்கேள்வி உண்டு. சுற்றுச்சுவரின் உயரத்தை அளந்து கட்டுகிறோம். அடுத்த வீட்டாரின் பெயரை மட்டும் ஆண்டுக்கணக்கில் அறியாதிருக்கிறோம். எகிப்தில் திருக்குடும்பத்திற்கும் யாரோ ஓர் அயலார் தண்ணீர் தந்திருப்பார் அன்றோ? ஆகவே வீடு மந்திரிக்கும் நாளில் உறவினரோடு அத்தெருவாரையும் அழையுங்கள். நம் தெருவுக்குப் புதிதாய் வந்தவர் கதவை முதல் வாரமே தட்டுங்கள். ஊரில் தங்கிவிட்ட முதிய பெற்றோரிடம், "அடுத்த ஞாயிறு வருகிறோம்" என்று சொன்னால், கோவலனைப் போல் தொலைவைச் சுருக்கிச் சொல்லாமல், அந்த ஞாயிறே சென்று சேருங்கள்.