கறுத்த திரைக்குப் பின்னால்...

பாஸ்வேர்டு போட்டால் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி பாஸ்வேர்டையே கேட்டது. பத்து வருஷப் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர். "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்" என்றார் கடைக்காரர். தாத்தா சம்மதிக்கவில்லை. உள்ளே பாட்டியின் குரல் இருந்தது. இறப்பதற்கு முந்தின வருஷம் அவர் சொல்லச் சொல்லப் பதிந்த சமையல் குறிப்புகள்.

லீவுக்கு வந்த பேத்தி கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து வந்தது.

"டெஸ்க்டாப்தான் வரல தாத்தா. உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு."

பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, 'டிஎஃப் -எச்' என்று அடித்தாள். ஹார்டு டிஸ்க் 100 சதவீதம் நிரம்பியிருந்தது. டெஸ்க்டாப் திறக்கும்போது சில சின்ன ஃபைல்களை எழுதியாக வேண்டும். அதற்குக்கூட இடமில்லை.

"குட்மார்னிங் வீடியோ எல்லாத்தையும் அழிச்சேனேம்மா!"

"அழிச்சீங்க. குப்பைத்தொட்டியைக் காலி பண்ணலையே!"

காலி செய்து ரீஸ்டார்ட் கொடுத்ததும் டெஸ்க்டாப் வந்தது. பேத்தி முதல் வேலையாக எல்லாவற்றையும் பென் டிரைவில் காப்பி எடுத்தாள். பிறகுதான் தாத்தா ஒரு ஃபைலைத் தட்டினார்.

"முதல்ல புளியை ஊற வைங்க..."

தாத்தா எழுந்து சமையலறைக்குப் போனார்.