அம்மாவின் தலையணை

என் தாயார் 2019ஆம் ஆண்டில் காலமானபின், அவர் தலைவைத்து உறங்கிய இலவம்பஞ்சுத் தலையணையை ஒருவரும் பிரிக்கலாகாது என்று வீட்டிற் கட்டளையிட்டிருந்தேன். அவர் கூந்தலுக்கிட்ட நல்லெண்ணெயின் மணம் அதிற் கலந்திருந்தது. அப்பம்மாவின் தலையணையின்றி என் இளைய மகளுக்கு உறக்கம் வாராது. ஆகவே அவளிடம் அதைக் கொடுத்திருந்தேன்.

சென்ற மாரியில் அவளுக்குத் தொய்வு கண்டது. வைத்தியர் மருந்தெழுதிவிட்டு, “பிள்ளை எதில் தலைவைத்துப் படுக்கிறாள்?” என்று வினவினார். விடைகூறத் தயங்கினேன்.

வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகள் இத்தகைய ஒவ்வாமைக்குக் காரணமாகலாமென 1964ஆம் ஆண்டில் ஒல்லாந்து ஆய்வாளர் சுட்டிக்காட்டினர். நம் உடலினின்று உதிரும் தோற்செதில்களே அவற்றின் உணவு. அவற்றின் எச்சமே மூச்சுக்குப் பகை. வெதுவெதுப்பும் ஈரமும் உள்ள தலையணையைக் காட்டிலும் சிறந்த இருப்பிடம் அவற்றுக்கு ஏது?

அம்மாவின் தலையணையிற் கைவைக்க அஞ்சி, என் தலையணையில் ஒத்திகை பார்த்தேன். முழுதாக நீரில் அமிழ்த்தினால் அமிழ மறுத்தது! இலவநார் உள்ளே குழலானது, மேலே மெழுகுடையது; முன்னாளில் உயிர்காப்பு அங்கிகளில் அதனையே நிரப்பினர். பிடிவாதமாய் அமுக்கிப் பிழிந்தேன். பஞ்சு கட்டிபட்டு, நான்கு நாள் வெயிலிலும் நடுவீரம் காயாது பூஞ்சண வாடை வீசிற்று. “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே,” என்றாள் மனைவி.

பங்குனியில் ஒரு ஞாயிறன்று மகளை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மூக்கைத் துணியாற் கட்டிக்கொண்டு, அம்மாவின் கைத்தையலைப் பிரித்தேன். பஞ்சைப் பாயிற் பரப்பி, காற்றிற் பறவாதபடி பழைய வேட்டியால் மூடி, இடையிடையே கிளறிக் காயவிட்டோம். மாவாய் நொறுங்கியதைக் கழித்தோம். வெறும் பையைக் கொதிநீரில் இடுமுன் ஒருமுறை முகத்தருகே கொண்டுசென்றேன். நல்லெண்ணெய் மணம் எப்போதோ போயிருந்தது. தூசியின் நெடிதான் இருந்தது.

வெயில் ஈரத்தைப் போக்கும். உண்ணிகளை முற்றாய் அழிக்குமென்று நம்பலாகாது. ஆதலால் நெருங்க நெய்த துணியால் உள்ளுறையொன்று தைத்தோம். மேலுறையை வாரந்தோறும் 60 பாகை செல்சியசுக்குக் குறையாத சுடுநீரிற் சவர்க்காரமிட்டுத் தோய்க்கிறோம். அச்சூட்டில் உண்ணிகள் மடியும். மருந்து இன்னும் தொடர்கிறது. எனினும் பிள்ளை இரவில் எழுந்திருப்பது குறைந்துள்ளது.

முதலிரவு அவள், “உயரம் கூடிப்போயிற்று அப்பா,” என்று முறையிட்டாள். இரண்டு கை பஞ்சை வெளியே எடுத்து மீண்டும் தைத்தேன். என் தையல் அம்மாவினதுபோல் நேராக இல்லை.