அணியாத கைமணிக்கூடு

உடைமைகளை உதவுவன என்றும் உதவாதன என்றும் இருவகையாகப் பகுப்பர். உதவுந் தகைமை இருந்தும் உதவாது வைக்கப்பட்டிருப்பன மூன்றாம் வகையின. எமது அலுமாரி லாச்சியுள் நெடுங்காலங் கிடந்த கைமணிக்கூடு இவ்வகையினது. அதனை வைத்திருப்பதோ விற்பதோ என்னும் வினா எம்மைச் சில மாதங்களாக அலைக்கழித்தது. எம்மையொத்த பழைய மாணவர் பலர்க்கும் இவ்வினா உரியதாகலின், யாம் கண்ட விடையை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

அம்மணிக்கூடு சுவிற்சர்லாந்தின் சொலத்தூர்ண் நகரிற் செய்யப்பட்ட றோமர்; சாவி கொடுத்து ஓட்டுவது; 17 கல் உடையது. கல் என்பது அழகின்பொருட்டுப் பதித்த இரத்தினமன்று. சக்கரங்களின் அச்சுத் தேயாவண்ணம் தாங்கி நிற்குஞ் செயற்கைக் கெம்பே அது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்தது. அக்காலத்தில் இத்தகைய பொருளைப் பெறுதல் எளிதன்று. எமக்கு முதல் உத்தியோகம் கிடைத்தபோது, எம் தந்தையார் அரிதின் முயன்று அதனை வாங்கித் தந்தார்.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் மக்கள் இடம்பெயர்ந்தபோது, யாமும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி சேர்ந்தோம். எம் நூல்கள் வீட்டில் நின்றன. கையில் இருந்தமையால் மணிக்கூடு உடன் வந்தது. மீண்டு வந்தபோது நூல்கள் இல்லை. 1996 மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளிற்று. அவ்வாண்டு ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்தள்ளிற்று. 2006 ஏப்பிரலில் எஞ்சிய அரை மணித்தியாலத்தையுங் குறைத்துப் பழைய நேரத்தை மீட்டது. மும்முறையும் அதன் முட்களைத் திருப்பினோம்.

பின்னர் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பற்றறி மணிக்கூடொன்று அனுப்பினர். 1969 டிசெம்பர் 25 இல் யப்பானிய சீக்கோ நிறுவனம் முதற் குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டபோது, அது மாதத்துக்கு 5 செக்கனளவே பிழைக்கும் என்றது. எம் றோமரோ ஒரு நாளிலேயே அதனினும் மிகப் பிந்தும். ஆதலின் அது லாச்சி புகுந்தது. திருமணம், திருவிழா என்னும் நாள்களில் மாத்திரம் வெளிவந்தது.

வைத்திருத்தற்கு உரிய காரணம் நினைவு ஒன்றே. ஆயின் நினைவு எம்மிடத்தன்றி லாச்சியிடத்து இல்லை. மேலும், ஓடாத மணிக்கூடு தேயாது இருக்கும் என்பது சரியன்று. உள்ளிருக்கும் எண்ணெய் காலப்போக்கில் தடித்து உலரும். துப்புரவு செய்யாது மீண்டும் ஓட்டினால் உலோகத்தை உலோகம் தின்னும். பிள்ளைகளைக் கேட்டோம். “விற்க வேண்டாம், அப்பா” என்றனர் அனைவரும். “நான் கட்டுகிறேன்” என்றவர் எவருமிலர். எமக்குப்பின் அது வேறொரு லாச்சிக்கு மாறும் என்பது அப்பொழுது விளங்கிற்று.

அயலில் வாழும் இளம் ஆசிரியர் ஒருவர்க்குப் பழைய மணிக்கூடுகளில் விருப்பம் மிகுதி. வாங்குவனவற்றைப் பூட்டிவையாது, காலைதோறுஞ் சாவி கொடுத்து அணிபவர். அவர்க்கு அதனை விலையின்றிக் கொடுக்க எண்ணினோம், அவர் இசைந்திலர். “விலை கொடுத்தால்தான் ஐயா, நான் கவனமாக வைத்திருப்பேன்” என்றார். அது நியாயமாகப் பட்டமையால் விற்றோம். வைத்திருப்பதோ விற்பதோ என்று வினவுவதினும், இனி இதற்குச் சாவி கொடுப்பவர் யாவர் என்று வினவுதலே பொருத்தம் என்பது எம் துணிபு. எம் கை என்று விடை வருமாயின் வைத்திருத்தல் தகும். பிறர் கையாயின் அங்கே சேர்த்தல் தகும்.

காலையில் அவர் அதனை அணிந்து பாடசாலைக்குச் செல்வதைக் காண்கின்றோம். நாவற்குழிப் பாலத்தை அது கடந்த கதையை அவர் இன்னுங் கேட்டிலர். கேட்கும் நாளிற் சொல்வோம். யாம் பெற்ற விலையில் அது அடங்கவில்லை.