பேய்க்கரும்பு இனித்த ஊர் வழியாக

சென்னையைச் சுற்றிப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கி வருகிறவரை மயிலாப்பூருக்கும் மெரினாவுக்கும் அழைத்துப் போவது நம் வழக்கம். ஆர்வம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கோட்டை வரை. பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு நிற்பவர் ஊர் பார்க்கப் போகிறார் என்று யாரும் நினைப்பதில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கதை வேறு. அங்கே ஊர் பார்ப்பதென்றால் முதலில் துறைமுகம் பார்ப்பது. செங்கல் கிடங்குகள் வரிசைகட்டி நிற்கும் பழைய பண்டகசாலைப் பேட்டை 2015-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை 1703 முதல் நடக்கிறது. பாரம்பரிய உணவு எது என்று கேட்டால் லாப்ஸ்கவுஸ் என்பார்கள்: உப்பிட்ட மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்து, பீட்ரூட்டும் முட்டையும் வைத்துத் தரும் கப்பல்காரர் சாப்பாடு. கெடாத சரக்கை வைத்து மாலுமி வயிறு நிரப்பிய வழிதான் அந்த நகரத்தின் பெருமையாக ஆகியிருக்கிறது. பீச்சிலிருந்து எண்ணூர் வரை போகும் பாதைக்கும் அந்தத் தகுதி உண்டு என்பது என் வாதம். ஆனால் ஒரு நிபந்தனை: இங்கே சாப்பாட்டை மக்களின் வேலையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் பிரித்துப் பார்க்க முடியாது.

வண்டி ஏறுமுன்பே ஆதாரம் கிடைக்கிறது. பீச் ஸ்டேஷனை ஒட்டிய சாலைகளில் பொழுது சாய்ந்தால் அத்தோ தள்ளுவண்டிகள் வந்துவிடும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பொடியாக அரிந்த முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்ப்பொடி, வறுத்த பூண்டும் அதன் எண்ணெயும். மேலே நொறுக்கிப் போடும் பேஜோ என்ற மொறுமொறு வறுவல். கூடவே வாழைத்தண்டு சூப். பர்மிய மொழியில் அத்தோ என்ற பெயருக்குக் கலந்து பிசைந்தது என்று பொருள். கடைக்காரர் கையால் பிசைவதைப் பார்த்தாலே அது விளங்கும். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்து, வணிகத்தை அரசுடைமையாக்கத் தொடங்கியபின் கப்பலேறித் திரும்பிய பர்மாத் தமிழர்கள் கொண்டுவந்த ருசி இது. அவர்கள் பிழைக்க 1969-ல் பர்மா பஜார் எழுந்ததும் துறைமுகத்தின் எதிரில்தான். அறுபது வருஷச் சரக்கைப் பாரம்பரியம் என்பதா என்று கேட்கலாம். வயதுதான் அளவுகோல் என்றால் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த மிளகாய் விழுந்த எந்தக் குழம்பும் தேறாது. லாப்ஸ்கவுஸில் உள்ள உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஒரு சாப்பாடு எந்த வாழ்க்கையின் நெருக்கடியிலிருந்து பிறந்தது, இன்றும் அந்த மக்களின் கையில் இருக்கிறதா என்பதே பொருத்தமான கேள்வி. அந்தக் கணக்கில் அத்தோ தயக்கமில்லாமல் உள்ளே வரும்.

அடுத்த ஸ்டேஷன் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்தத் தூண்கள் வைத்த முகப்பு இன்னும் நிற்கிறது, ஆனால் அதைப் பார்க்கவென்று இறங்குகிறவர்கள் குறைவு. ஊரின் பெயர் ராயப்பரிடமிருந்து வந்தது, அதாவது புனித பேதுரு. துறைமுகம் கட்டப்படாத காலத்தில் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, சரக்கையும் ஆளையும் அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலா படகுக்காரர்களின் ஊர் இது. தங்களைப் போலவே படகில் பிழைத்தவரைக் காவலராக வரித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டின் ஒரே பார்சி அக்னிக் கோயிலும் 1910 முதல் இந்தப் பேட்டையில்தான். கொஞ்சம் தள்ளி இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனையைப் பழையவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1780-களின் பஞ்சத்தில் ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். ஆளுநர் பெயரை வைத்த பிறகும் சனங்களின் நாக்கில் கஞ்சி மறையவில்லை. ராயபுரத்தின் இன்னொரு பக்கம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியுமுன் ஏலம் முடிந்து வஞ்சிரம் ஹோட்டல்களுக்குப் போய்விடும். காரப்பொடியும் கவலையும் கானாங்கத்தையும் இந்தத் தெருக்களின் சட்டிக்கு வரும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் வீட்டுக் குழம்பைக் கருவாடு காப்பாற்றும்.

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர் என்று வண்டி நகரும். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்களால் பெயர் பெற்றது முதல் ஊர். மற்றவற்றில் சரக்கு யார்டுகளும் எண்ணெய்க் கிடங்குகளும்தான் கண்ணில் படும். இங்கே நான் யாரையும் இறங்கச் சொல்ல மாட்டேன்.

திருவொற்றியூரில் இறங்க வேண்டும். தியாகராசர் கோயிலுக்கு மட்டும் வந்துபோகிறவர்கள் உண்டு. ராஜேந்திர சோழன் காலத்தில் கல்லால் எழுந்த, பின்புறம் வளைந்த தூங்கானை மாட விமானம் அதற்குத் தகுந்ததுதான். ஆனால் இந்த ஊரின் கதைகளும் தொழிலையும் நாக்கையும் சுற்றியே வருகின்றன. கையிலிருக்கும் பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்று அலைந்த பட்டினத்தாருக்கு அது இனித்தது இந்தக் கடற்கரையில், சமாதியும் இங்கேதான். செக்கு எண்ணெய் விற்று விளக்கேற்றிய கலிய நாயனார், எண்ணெய் தீர்ந்த இரவில் தன் ரத்தத்தை ஊற்றத் துணிந்தார் என்கிறது பெரியபுராணம். எண்ணெய் இந்த ஊருக்கு எவ்வளவு பழைய சொல் பாருங்கள். பிறகு இருபதாம் நூற்றாண்டு தீப்பெட்டி, பலூன், மோட்டார் சைக்கிள் என்று வேலையைக் கொடுத்தது: எம்.ஆர்.எஃப். 1946-ல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதும் இங்கேதான், என்ஃபீல்டு புல்லட் ஐம்பதுகளில் இந்தியத் தயாரிப்பானதும் இங்கேதான். தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் விம்கோ நகர் என்று ரயில் நிலையமாகி, 2021-ல் மெட்ரோ நிலையமாகவும் ஆனது. ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக எழுந்த நாஸ்தா கடைகள், ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் ஊற்றும் கூழ், அதற்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. ஆலையும் கடலும் சேர்ந்து இலை போட்ட ஊர் இது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து ட்சோல்ஃபெராய்ன் நிலக்கரிச் சுரங்கத்தை மக்கள் சுற்றிப் பார்க்கிறார்களே என்றால், அது 1986-ல் மூடப்பட்டு, 2001-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. புகை நின்ற பிறகுதான் டிக்கெட் கொடுத்தார்கள். இங்கே புகை இன்னும் நிற்கவில்லை. புகைக்குள் வாழ்கிறவர்களைப் போய் வேடிக்கை பார்ப்பது மனிதத்தன்மையா? வேடிக்கைதான் நோக்கமென்றால் இல்லை என்பதே என் பதிலும். ஆனால் பார்க்காமல் விட்டதால் அவர்களுக்கு ஒரு நன்மையும் நடந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வரைபடத்தில் இல்லாத இடத்தில் எதையும் கொட்டலாம் என்ற துணிச்சல் எளிதில் வரும். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பலுக்கு நடுவே உட்கார்ந்து இறால் தொக்கை ருசிப்பது முரணில்லையா என்றும் கேட்கலாம். முரண்தான். அந்த முரண் தெரியாத தட்டில் வைத்தால் எண்ணூர் இறால் வெறும் மெனு அட்டை வரி.

கத்திவாக்கம் தாண்டி எண்ணூரில் இறங்கினால் கொசஸ்தலையாறு கடலைச் சேரும் முகத்துவாரம். 1806-ல் தொடங்கிய, பின்னாளில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் மாறிய காக்ரேன் கால்வாய் சென்னையை இந்த நீரோடு இணைத்தது. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க வந்த உல்லாசக் கரை இது என்றால் இன்று நம்புவது கடினம். உப்பும் நன்னீரும் கலக்கும் இடம் என்பதால் இறாலும் நண்டும் மடவையும் இங்கே வளர்ந்தன. எண்ணூர் இறாலின் ருசிக்குச் சமையல்காரர் பாதிக் காரணம், இந்தக் கலவை மீதிக் காரணம். 1970-ல் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து ஆற்றுப்படுகை மேடானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் இறங்கி, படகும் வலையும் அலையாத்திச் செடியும் கறுத்தன. கலியர் விளக்குக்குப் போதாமல் போன பொருள், அவர் ஊருக்கு வடக்கே ஆற்றின் மேல் படலமாக மிதந்தது.

கழிமுகத்தில் வலையில்லாமல் இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு நீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் அடியைத் தடவிப் பிடிக்கிறார்கள். விரலில் முதலில் படுவது சாம்பல். அதற்கடியில் சேறு இருந்தால்தான் இறால்.