மாமாவும் டோக்கியோ மார்க்கெட்டும்

சின்ன காஞ்சிபுரத்துக்குப் போனால் எனக்கு இரண்டு வேலைகள். வரதராஜப் பெருமாளைச் சேவிப்பது ஒன்று. மாமாவின் கண்ணில் படாமல் திரும்புவது மற்றொன்று. மாமாவின் வீடு சந்நிதித் தெருவிலேயே இருப்பதால் இரண்டாவது வேலை ஒரு நாளும் நடந்ததில்லை.

ஒளிவதற்குக் காரணம் உண்டு. மாமா பட்டுக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். 2020 ஜனவரியில் அவருடைய இரண்டு லட்சத்தைப் பங்குகளில் போடச் சொன்ன மகானுபாவன் அடியேன்தான். மார்ச் 23ஆம் தேதி மும்பை ஸென்ஸெக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் விழுந்து 25,981-இல் நின்றது. மறுநாள் ஊரடங்கு அறிவிப்பு. மகனுக்குச் சம்பளம் நின்றுவிட்டது. மாமா எல்லாவற்றையும் விற்றார். கைக்கு வந்தது ஒன்றே கால் லட்சம். அந்த நவம்பரிலேயே மார்க்கெட் பழைய உயரத்தைத் தாண்டிவிட்டது. மாமா இன்றுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை!

2024 மாசியில் போயிருந்தபோது பிடித்துக்கொண்டார்.

"வாடா அம்பி! ஜப்பான் எப்படி?"

விஷயம் இதுதான். பிப்ரவரி 22ஆம் தேதி டோக்கியோவின் நிக்கி குறியீட்டெண், 1989 டிசம்பரில் தொட்ட 38,915 என்ற உச்சியைத் தாண்டியிருந்தது. உடனே ஓர் ஏஜெண்டு வந்து, "ஜப்பான் எழுந்தாச்சு, அடுத்தது ஹாங்காங்தான்; ஆசியா பண்டில் ஐந்து லட்சம் போடுங்கள்" என்று மாமாவின் மனத்தைக் கலைத்திருக்கிறார்.

பட்டுக்கொண்டவன் அல்லவா, ஜாக்கிரதையாகவே பேசினேன். ஆசியாவில் மீட்சி சீக்கிரமாகவும் வந்ததுண்டு. 1997-இல் தாய்லாந்து நாணயம் சரிந்து நாடு நாடாகத் தீப்பற்றியபோது ஹாங்காங்கும் விழுந்தது. 1998 ஆகஸ்டில் சர்க்காரே இறங்கிப் பங்குகளை வாங்கியது. 1999 முடிவதற்குள் பழைய உயரம் வந்துவிட்டது. யென் விவகாரத்தையும் சொன்னேன்: அங்கே பங்கு ஏறினாலும் யென் இறங்கினால் நம் ரூபாய்க் கணக்கில் அந்த அளவு குறைந்துவிடும்.

சமையலறையிலிருந்து மாமி கேட்டாள்: "ஜப்பான்ல எண்பத்தொம்பதுல வாங்கினவன் இத்தனை நாளா என்ன பண்ணிண்டிருந்தான்?"

"காத்திண்டிருந்தான் மாமி. முப்பத்துநாலு வருஷம். நடுவிலே டிவிடெண்டு கொஞ்சம் வந்திருக்கும்."

மாமா விரல் விட்டு எண்ணினார். அனந்தசரஸ் குளத்திலிருந்து அத்திவரதர் 1979-இல் எழுந்தருளியபோது மாமாவுக்கு வயது 24. 2019-இல் நாற்பத்தெட்டு நாளும் ஊர் திமிலோகப்பட்டபோது 64. அடுத்த தரிசனம் 2059-இல்.

"அப்போ எனக்கு நூத்திநாலு" என்றார். "ஜப்பான் மாதிரி இன்னொரு தரம் ஆனா நான் எங்கேடா காத்திருக்கறது? போன தடவை எட்டு மாசமே முடியலையே."

நான் தரையைப் பார்த்தேன். அந்த எட்டு மாதத்தைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

நாலரை லட்சம் தபாலாபீஸுக்குப் போயிற்று; மூத்த குடிமக்கள் திட்டத்தில் அப்போது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கொருமுறை வட்டி. மீதி ஐம்பதினாயிரம் ஆசியா பண்டில், ஆறு வயதுப் பேத்தி பேரில். தாத்தாவின் கையெழுத்து செல்லாது, பெற்றோர்தான் போட வேண்டும் என்பதால் மகனை வரவழைத்தார்கள். 2059-இல் அந்தக் குழந்தைக்கு நாற்பத்தொன்றுதான் ஆகும்.

ஐந்து லட்சத்தை எதிர்பார்த்து வந்த ஏஜெண்டுக்கு மாமி இரண்டாவது தடவையும் காப்பி கொடுத்தாள்.