கரிவரதனின் கார்

கல்லடிப் பாலத்தில் பழைய மாருதி 800 ஒன்று இருமிக்கொண்டு போனால் எனக்குக் கோயம்புத்தூர் கரிவரதனின் நினைவு வரும். அந்தக் காரின் 796 சீசீ எஞ்சினைக் கொண்டே, ஒருவர் மட்டும் அமரும் 'பார்முலா மாருதி' பந்தயக் காரை 1980களின் இறுதியில் வடிவமைத்தவர் அவர். ஊர்த் தெருவில் ஓடும் எஞ்சின் என்பதால் செலவு குறைந்தது. கோடீஸ்வரர் விளையாட்டு என்பார்கள். அது முழுப் பொய்யுமல்ல. 1995இல் அவர் விமான விபத்தில் இறந்தார்.

அவரது காரில் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியில் பார்முலா ஒன்றுக்குப் போனார். அந்தப் பருவத்தின் 19 போட்டிகளில் கிடைத்தவை 5 புள்ளிகள்; அவ்வளவும் இண்டியானாபொலிசில். வளைவில் டயர் தாங்காதென்று 14 கார்கள் விலக, ஆறே ஓடின.

"ஆறு காரில நாலாவதா வாறது பெரிய காரியமா, சேர்?" என்பார்கள் மாணவர்கள். முன்னால் இரண்டு பெராரியும் அவரது அணியின் மற்றக் காரும், பின்னால் இரண்டு மினார்டி என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன்.