ஒரு பூட்டைக் கழற்றப் பதினைந்து ஆண்டுகள்

கைப்பேசியிலேயே எட்டு கோர் இருக்கும் காலம் இது. ஆனால் லினக்ஸ் ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளை முறையாகக் கையாளத் தொடங்கியது 1996 ஜூனில், 2.0 பதிப்பில்தான். அதற்கு அடித்தளமிட்டவர் ஆலன் காக்ஸ். அவருக்கு இரட்டைச் செயலி போர்டு வாங்கிக் கொடுத்தது கால்டெரா நிறுவனம். அந்த உதவியை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். கையில் இல்லாத வன்பொருளுக்கு யார்தான் நிரல் எழுத முடியும்?

அன்றைய தீர்வு எளிமையானது: இயங்குதளத்தின் மையமான கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டு. ஒரு செயலி உள்ளே இருந்தால் மற்றது வாசலில் காத்திருக்க வேண்டும். வீட்டில் நாலு பேர் சமைக்க வந்தும் அடுக்களைச் சாவி ஒன்றே ஒன்று என்றால் எப்படி இருக்கும், அப்படி! நிரல்கள் தத்தம் கணக்கைப் போடும்வரை சிக்கலில்லை. கோப்பு, நெட்வொர்க் என்று கெர்னலை நாடியதும் வரிசை கட்டி நிற்கும்.

அந்தப் பெரிய பூட்டைச் சிறுசிறு பூட்டுகளாகப் பிரிப்பதற்குள் எத்தனை பேரின் உழைப்பு! அவசரப்பட்டு எடுத்தால் இரண்டு செயலிகள் ஒரே தரவை ஒரே நேரத்தில் மாற்றிவிடும். அந்தப் பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும், பிடிப்பது பெரும்பாடு. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்திலும் இதே கதைதான். அங்கே பூட்டின் பெயர் 'ஜயன்ட்'.

லினக்ஸில் அந்தப் பெரிய பூட்டு முற்றிலும் நீங்கியது 2011-இல், 2.6.39 பதிப்பில்.

இத்தனைக்கும் தொடக்கம் கால்டெரா வாங்கிக் கொடுத்த ஒரு போர்டு. அதுபோல, உங்கள் அலுவலகத்தில் பழைய சர்வர் சும்மா கிடந்தால், அருகிலுள்ள கல்லூரி லினக்ஸ் குழுவுக்குக் கொடுங்கள்.